கம்பம் சந்தையில் நான் போட்ட சத்தம்

மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கம்பம் சந்தைக்குள் நுழைந்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. வண்டி நின்றது ஒரு மைலுக்கு முன்னால், புதுப்பட்டி தாண்டி. உதைத்துப் பார்த்திருந்தால் மறுபடி கிளம்பியிருக்கும், எப்போதும் அப்படித்தான் கிளம்பும். நான் உதைக்கவில்லை. இதே கோலத்தில் அந்த ஆள் பார்க்கட்டும் என்று வேண்டுமென்றே உருட்டிக்கொண்டு வந்தேன்.

சந்தை நிறைந்திருந்த நேரம். கருவாட்டு வாடையும் வெல்லப்பாகு வாடையும் வெயிலில் கலந்து மூக்கில் ஏறின. சந்தையின் மேற்கு ஓரத்தில் தகரம் வேய்ந்த ஒரு பட்டறை. அதுதான் ஞானமுத்துவுடையது. பஸ், லாரி, எஸ்டேட்டுக் கார் என்று கம்பத்தில் எது மக்கர் செய்தாலும் அங்கேதான் போகும். எனக்கு இந்த வண்டியை விற்றவரும் அவர்தான்.

பஞ்சு வேஸ்டில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "வாங்க தம்பி. என்ன இப்படி வேர்த்துப் போயி வந்திருக்கீக?"

"ஒனக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?" என்றேன்.

அதுவரை அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அன்றைக்கு வாயைத் திறந்ததும் முதலில் போனது அந்த மரியாதைதான்.

என் குரல் கொஞ்சம் உரத்த குரல். வாழைக்காய்க்கு விலை பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார்கள். தலையில் கூடையோடு ஒரு பெண் அப்படியே நின்றாள். பாதி உரித்த பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முன்வரிசைக்கு வந்து சேர்ந்தார். நான் வண்டியை நடுவில் நிறுத்தி, "இந்தா பாருங்கய்யா, இது ஏமாத்து வண்டி. இந்தா நிக்கிறான், இவன் ஏமாத்துக்காரன்" என்று சொன்னேன்.

ஞானமுத்து என்னைப் பார்க்கவில்லை. வண்டியைத்தான் பார்த்தார். "நில்லுங்க தம்பி, ஒரு நிமிசம்" என்று சொல்லி பொட்டு வைத்திருந்த பெட்ரோல் டாங்க் மூடிப் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். "கைய வைக்காத! அது வீரபாண்டி அம்மன் பொட்டு. வேதக்காரக் கை அதுல படப்படாது."

ஞானமுத்து கிறிஸ்தவர்; எங்கள் பக்கத்தில் வேதக்காரர் என்பார்கள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஞானமுத்து கையை இழுத்து, பஞ்சு வேஸ்டில் மறுபடி துடைத்துக்கொண்டார்.

இந்தத் தொடரில் என் அப்பாவைப் பற்றியும் மாமனார் வீட்டைப் பற்றியும் கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறேன். வேதக்காரக் கை என்ற அந்த ஒரு வாக்கியத்தை எழுதாமல் மூன்று வாரம் ஒத்திப்போட்டேன். வெட்கமாக இருக்கிறது, வேறொன்றும் இல்லை.

எங்கள் வீட்டுக் கோபம்

"எதற்கெடுத்தாலும் கொதிக்கிறீரே, ஒரு தடவையாவது உம் கோபம் நியாயமாக இருந்ததுண்டா?" என்று போடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. அவர் மேலும் எனக்குக் கோபம்தான் வந்தது.

கோபம் எங்கள் குடும்பத்துச் சொத்து. என் பெரியப்பா ஒருவர் பெரியகுளத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தார். இலையில் உப்பு வைக்கவில்லை என்று எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தேனி வரை நடந்தே வந்துவிட்டார். அவர் போன பிறகு இலையை எடுத்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். உப்பு இருந்தது. இலை ஓரம் மடங்கி அதன்மேல் விழுந்திருந்தது. சாகும்வரை பெரியப்பா அந்த வீட்டில் கை நனைக்கவில்லை. இலையை ஏன் மடங்குகிற மாதிரி போட்டார்கள் என்பது அவருடைய கட்சி.

நானும் அந்த ரத்தம்தான்.

முன்னால் தள்ளுகிற லிவர்

யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முந்தி நடந்த கதை இது. தேனியில் எங்களுக்கு வாழைக்காய்க் கமிஷன் கடை. கம்பம் பக்கத்துத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து, தார் வெட்டுக்கு முன்னால் பேசி முடிப்பது என் வேலை. தோட்டத்துக்கு எவன் முதலில் போய்ச் சேருகிறானோ அவனுக்குத்தான் காய். பஸ்ஸை நம்பினால் பஸ் வருகிற நேரத்துக்குத்தான் போகலாம். போட்டிக்காரர்கள் வில்வண்டி வைத்திருந்தார்கள்.

குமுளிக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் இருந்த துரை சீமைக்குத் திரும்பும்போது தன் மோட்டார் சைக்கிளை ஞானமுத்துவிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஞானமுத்து அதைக் கழற்றிப் போட்டு, கழுவி, மாட்டி, புதுப்பெண் மாதிரி நிறுத்தியிருந்தார். என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கூடலூர் வரை போய்வந்தார்.

இடது கைப்பிடியில் ஒரு சின்ன லிவர் இருந்தது. எல்லாம் அதில்தான் இருக்கிறது என்றார்.

"இத முன்னால தள்ளினீகன்னா தீப்பொறி முன்கூட்டியே விழுகும். இழுவை சாஸ்தியாகும். ஸ்டார்ட் பண்றப்பவும் ஏத்தத்துலயும் பின்னால இழுத்துக்கிடணும், இல்லேன்னா எஞ்சின் ஒதைக்கும். சமதரையில முழுக்க முன்னால விட்ருங்க. அப்புறம் பாருங்க."

சொல்லிவிட்டுத் தள்ளினார். சத்தமே மாறியது. முதலில் இழுத்துப் பறித்துப் போய்க்கொண்டிருந்த எஞ்சின் திடீரென்று சரளமாக ஓடத் தொடங்கியது. என் தோளில் கிடந்த துண்டு பறந்துபோனது. நிறுத்தி எடுக்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அந்த லிவருக்காகத்தான் வண்டியை வாங்கினேன்.

அப்பா ஒரு வார்த்தை சொன்னார். "பழைய சாமான். அடுத்தவன் கழிச்சுப் போட்டது."

அவர் சொன்னது தப்பு என்று காட்டியாக வேண்டிய கட்டாயம் அந்த நிமிஷமே எனக்கு வந்துவிட்டது.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்னால் வீரபாண்டியில் நிறுத்தினோம். என் மனைவி பேச்சியம்மாள் அங்கே காத்திருந்தாள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, விளக்கிலும் கைப்பிடியிலும் டாங்கின் மேலும் பூசாரி சந்தனம் குங்குமம் வைத்தார். பேச்சி பின்னால் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டு மாட்டு வண்டியில் வந்தாள்.

நாலு மைல்

முதல் வாரம் மெதுவாக ஓட்டிப் பழகினேன். லிவரைப் பின்னால் இழுத்தே வைத்திருந்தேன். ஒரு குறையும் இல்லை. அடுத்த வாரம் சின்னமனூர்ச் சாலையில், இரண்டு பக்கமும் நெல் பச்சைப் பசேலென்று நின்ற இடத்தில், லிவரை முழுக்க முன்னால் தள்ளினேன். பறந்தது. நாலு மைல் பறந்தது. பிறகு இரண்டு தடவை இருமி, அப்படியே அடங்கிவிட்டது.

இறங்கினேன். பெட்ரோல் தீர்ந்ததோ என்று மூடியைத் திறந்தேன். 'புஸ்' என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் பெட்ரோல் தளும்பிக்கொண்டு இருந்தது. மூடினேன், உதைத்தேன், வண்டி கிளம்பிவிட்டது. மறுபடி லிவரை முன்னால் தள்ளினேன். மறுபடி நாலு மைல். மறுபடி இருமல்.

லிவரைப் பின்னால் இழுத்துக்கொண்டு மெதுவாகப் போனால் சின்னமனூர் வரைக்கும் நிற்காமல் போகும். முன்னால் தள்ளினால் நாலு மைல், ரொம்பப் போனால் ஐந்து. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கோளாறு லிவரில்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

நான் சும்மா இருக்கவில்லை. லிவரிலிருந்து போகிற வயரை மாற்றினேன். பிளக்கைக் கழற்றி மணல் காகிதம் போட்டேன், பிறகு புதுசே வாங்கிப் போட்டேன். கார்புரேட்டரைப் பிரித்துத் தாம்பாளத்தில் பரப்பிவைத்து, பெட்ரோலில் கழுவி மாட்டினேன். மாட்டி முடித்ததும் ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருந்தது. அது எந்த இடத்து ஸ்க்ரூ என்பது இன்றுவரை தெரியாது. வண்டி அது இல்லாமலே நாலு மைல் ஓடியது.

கடைசியில் ரயிலில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு ஃபிட்டர், பெயர் சொல்ல விருப்பமில்லை, மூன்று நாள் வைத்துக்கொண்டார். தீப்பொறி தருகிற மேக்னெட்டைக் கழற்றிக் கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "இது இந்த வண்டி மேக்னெட்டே இல்ல சார். நல்லத உருவிக்கிட்டு ஏதோ ஒண்ண மாட்டி வித்திருக்கான்" என்றார்.

அவருக்குக் கோளாறு பிடிபடவில்லை. பிடிபடவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் முகம் தெரியாத ஒருவன் தலையில் பழியைத் தூக்கிப் போட்டார். இது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். என் மனசில் ஏற்கனவே இருந்ததை அவர் சொன்னார், அவ்வளவுதான்.

மறுவாரம் அனுமந்தன்பட்டிப் பக்கம் ஒரு தோட்டம் வெட்டுக்கு வந்தது. விடிந்ததும் கிளம்பினேன். வழியில் மூன்று தடவை நின்றேன். மூன்றாம் தடவை சாலையோரம் குந்தி உட்கார்ந்திருக்கும்போது போட்டிக் கடைக்காரரின் வில்வண்டி சலங்கை குலுங்க என்னைத் தாண்டிப் போனது. வண்டியை ஓட்டினவன் கயிற்றை இழுத்து, "என்ன மாப்ள, குதிரைக்குத் தண்ணி காட்டலியா?" என்று விசாரித்துவிட்டுப் போனான். நான் தோட்டம் போய்ச் சேர்ந்தபோது பேச்சு முடிந்து அவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்துதான் நேரே கம்பம் சந்தைக்குப் போனேன்.

"விட்டுட்டுப் போங்க"

கையைத் தட்டிவிட்ட பிறகும் ஞானமுத்து குரலை உயர்த்தவில்லை.

"வண்டிய இங்கன விட்டுட்டுப் போங்க தம்பி. நாளைக்கு வாங்க. தப்பு என் மேலன்னா இதே எடத்துல நின்னு நானே சொல்றேன்."

"விட்டுட்டுப் போனா மிச்சத்தையும் உருவிக்கிடுவ. மேக்னெட்ட மாத்தினது போதாதா?"

"மேக்னெட்ட மாத்தினேனா? யாரு சொன்னாக?"

"மதுரையில சொன்னாக. ஒன்னவிடத் தொழில் தெரிஞ்சவுக."

அவர் முகம் அப்போதுதான் மாறியது. சுற்றி நின்றவர்களை ஒரு தடவை பார்த்தார். தனக்காக யாராவது ஒரு வார்த்தை பேசுவார்களா என்று பார்த்த பார்வை அது. கம்பத்தில் பஸ் விட்டிருந்த முதலாளி ஒருவர் அங்கே நின்றிருந்தார். அவருடைய இரண்டு பஸ்களும் வருஷக்கணக்காக ஞானமுத்து கையில்தான் இருந்தன. அவரும் மீசையைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

நான் ஒரு மாட்டு வண்டி பிடித்து, மோட்டார் சைக்கிளை அதில் ஏற்றி, வழி நெடுக எல்லோரும் பார்க்கும்படி தேனிக்குக் கொண்டுவந்தேன். உத்தமபாளையத்தில் இரண்டு பேர் நிறுத்திக் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் முழுக்கதையும் சொன்னேன்.

பதினைந்து நாளுக்குள் சேதி வந்தது. பஸ் முதலாளி தன் பஸ்களை உத்தமபாளையத்தில் வேறொருவரிடம் விட ஆரம்பித்துவிட்டார். எஸ்டேட்டு லாரிகளும் கம்பத்தில் நிற்காமல் போகின்றனவாம். பட்டறையில் பாதிக் கதவு சாத்திக் கிடக்கிறதாம். பாகங்களை உருவிக்கொள்கிறவன் கையில் யார் வண்டியைக் கொடுப்பார்கள்? மெக்கானிக்குக்கு ஊர் வைக்கிற நம்பிக்கைதான் மூலதனம். அதைத்தான் நான் சந்தையில் போட்டு உடைத்திருந்தேன்.

சேதியைக் கேட்டு நான் சொன்னது, "நல்லா வேணும்."

எண்ணெய்க் கடை ராக்கம்மா

சின்னமனூருக்கு இந்தப் பக்கம் சாலையோரத்தில் ராக்கம்மா என்று ஓர் அம்மாள் எண்ணெய்க் கடை வைத்திருந்தார். நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், மண்ணெண்ணெய். காதில் தண்டட்டி, பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது.

ஒரு நாள் என் வண்டி சரியாக அந்தக் கடைக்கு முன்னால் இருமி நின்றது. வழக்கம்போல மூடியைத் திறந்தேன். வழக்கம்போல 'புஸ்'.

ராக்கம்மா புது மண்ணெண்ணெய் டின் ஒன்றுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். "அது என்ன சத்தம்யா?"

"ஒண்ணுமில்ல ஆத்தா. பெட்ரோல் இருக்கான்னு பாத்தேன்."

"அதக் கேக்கல. சத்தம் உள்ளாற இழுக்குதே. மூடி, இன்னொருக்கா தொற."

மூடித் திறந்தேன். சத்தம் வரவில்லை.

"இப்ப வராது. ஏற்கெனவே காத்துக் குடிச்சிருச்சுல்ல" என்றார். பிறகு கையிலிருந்த ஆணியால் டின்னைத் தட்டிக் காட்டினார். "இதுக்கு எத்தன ஓட்டை போடுவாக?"

"ரெண்டு."

"எதுக்கு ரெண்டு? எண்ணெய் வாரது ஒரு ஓட்டையிலதான?"

"இன்னொண்ணு காத்துக்கு."

"காத்துக்கு ஓட்டை இல்லேன்னா?"

"கொஞ்சம் ஊத்தும். அப்புறம் நின்னு போகும்…"

சொல்லிக்கொண்டே என் கையிலிருந்த மூடியைப் பார்த்தேன். ராக்கம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒன் வண்டி டின்னுக்கு ரெண்டாவது ஓட்டை எங்கனய்யா இருக்கு?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். மூடியை வாங்கிப் பார்த்தார். "இம்புட்டுச் சந்தனத்த யாருய்யா அப்புனது?" என்று சொல்லி, ஸ்டவ் அடுப்புக்கு அடைப்பு எடுக்கிற ஊசியால் சுரண்டினார். மேலே குங்குமம், அதன் அடியில் காய்ந்த சந்தனம், அதற்கும் அடியில் பழைய குங்குமம், மறுபடி சந்தனம். அடுக்கடுக்காகப் பெயர்ந்து விழுந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், மூடியின் நட்டநடுவில், கடுகு நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம்.

வேகமாகப் போனால் எஞ்சின் பெட்ரோலை வேகமாகக் குடிக்கும். குடித்த இடத்துக்குள் காற்று வர வழியில்லாததால் நாலு மைலில் பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும். மெதுவாகப் போனால் மூடியின் ஓரத்தில் கசிகிற காற்றே போதும். நான் இறங்கி மூடியைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் என்னை அறியாமலே காற்று விட்டிருக்கிறேன். லிவரில் ஒன்றும் இல்லை. மேக்னெட்டில் ஒன்றும் இல்லை.

தேனி வரை லிவரை முழுக்க முன்னால் தள்ளிக்கொண்டு வந்தேன். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்க முடியவில்லை. ஞானமுத்து கை எந்த இடத்துக்குப் போனது என்பது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அவர் நேரே மூடிக்குத்தான் போனார். பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. திறந்து காட்ட ஒரு நிமிஷம் கேட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பேச்சியிடம் பாய்ந்தேன். வெள்ளிக்கிழமை தோறும் வண்டியைத் துடைத்துப் பொட்டு வைத்தது அவள்தான்.

"அந்த மூடி வட்டமா, நெத்தி கணக்கா இருந்துச்சு. வெள்ளிக்கெழமை வெறும் நெத்தியா விடச் சொல்றீகளா?" என்றாள்.

"அதனால எம்புட்டுப் பெரிய அநியாயம் நடந்துபோச்சு தெரியுமா?"

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் பொட்டுத்தான் வச்சேன். சந்தையில சத்தம் போட்டது யாரு?"

 

வீட்டுக்குள் சொன்ன வருத்தம்

இரண்டு நாள் கழித்து ஞானமுத்துவின் வீட்டுக்குப் போனேன். பட்டறைக்குப் போகவில்லை, வீட்டுக்கு. சந்தை இல்லாத நாளாகப் பார்த்து, தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்துப் போனேன். கையில் எங்கள் கடையின் முதல் தரமான வாழைத்தார் ஒன்று.

எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம், ராக்கம்மா, டின் எல்லாம். மேக்னெட்டைப் பற்றி மதுரைக்காரர் சொன்னது பொய் என்றேன். அன்றைக்கு அவர் கையைத் தட்டிவிட்டுப் பேசின பேச்சு தப்பு என்றும் சொன்னேன். "மன்னிச்சுக்கிடுங்கண்ணே" என்றேன்.

அவர் எழுந்து வாசலுக்கு வந்தார். மூடியைக் கழற்றி, துவாரத்தில் வாயை வைத்து ஊதிப் பார்த்தார்.

"லிவரு நல்லாப் போகுதா?"

"பறக்குதுண்ணே."

மூடியைத் திருகி மாட்டிவிட்டுச் சொன்னார். "சந்தையில வச்சுத் திட்டினீக. வீட்டுக்குள்ள வந்து வருத்தம் சொல்றீக."

நான் கொண்டுவந்த தாரைக் கையால் காட்டினார்.

"தாரை எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி. வீட்டுல பழம் இருக்கு."

உண்மையைச் சொல்லவேண்டுமானால், எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் வந்து, தலை குனிந்து கேட்டவனை இப்படித் திருப்பி அனுப்பலாமா என்று புதுப்பட்டி வரைக்கும் பொருமிக்கொண்டே போனேன். உத்தமபாளையம் வந்தபோது கோபம் வடிந்து, அவர் சொன்னது மட்டும் மிஞ்சியிருந்தது. திட்டுவதற்குச் சந்தையைத் தேடின எனக்கு வருத்தம் சொல்ல மறைவு தேவைப்பட்டிருக்கிறது.

அடுத்த சந்தை

அடுத்த சந்தை நாளில் அதே மேற்கு ஓரத்தில் வண்டியை நிறுத்தினேன்.

"அய்யா, எல்லாரும் கொஞ்சம் கேளுங்க" என்று சொன்னேன்.

ஒருவரும் திரும்பவில்லை. என் குரல் அதே உரத்த குரல்தான். சந்தையும் அதே சந்தை. வெங்காயக்காரர் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு நான் ஞானமுத்தண்ணனச் சொன்னது பொய்யி. வண்டியில கோளாறு இல்ல. தப்பு எங்கிட்டத்தான்" என்று கத்தினேன். இரண்டு பேர் எட்டிப் பார்த்து, "என்ன, ஏலமா?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும் போய்விட்டார்கள்.

திட்டுகிறவனைச் சுற்றி நிமிஷத்தில் கூட்டம் போடத் தெரிந்த ஊருக்கு, தப்பு என்று சொல்கிறவனை நின்று கேட்க நேரம் இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் என் காது சுடுகிறது.

அன்று பாதி உரித்த பழத்தோடு முன்வரிசையில் நின்றவரை அடையாளம் கண்டுபிடித்து, தோளைப் பிடித்து நிறுத்தினேன். மூடி, துவாரம், சந்தனம் எல்லாம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரி. அந்த மேக்னெட்ட உருவினானே, அது?"

"உருவலங்க. அதத்தான சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"விடுங்க, விடுங்க" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். "ஏதோ பேசிச் சமாதானமாப் போயிட்டீக. அதுவும் நல்லதுதான்."

சந்தைக்குள்ளேயே இருந்த பஸ் முதலாளியிடம் போனேன். அவர் என்னை உட்காரவைத்து, மோர் கொடுத்து, முழுக்கக் கேட்டார். முடிவில் பக்கத்தில் இருந்தவரிடம், "பாத்தீகளா, அம்புட்டு ஏமாந்தும் அவன விட்டுக்கொடுக்காமப் பேசுறாக. இதுல்ல பெருந்தன்மை!" என்றார்.

நான் போட்ட பழி ஞானமுத்துவிடமே இருந்தது. அதை எடுக்கப் போன எனக்கு நல்ல பெயர் வந்தது. பஸ் இரண்டும் உத்தமபாளையத்திலேயே நின்றன.

பட்டறைக் கதவோரத்தில் நின்று ஞானமுத்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மறுபடி கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கத்தப் போனபோது கிட்டே வந்தார்.

"போதும் தம்பி. தொண்டை கட்டிக்கிடும்" என்றார். கை நீட்டி வண்டியின் கைப்பிடியைப் பிடித்து, சாலை வரைக்கும் தானே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த வருஷ முடிவுக்குள் அவர் பட்டறையைக் காலி செய்துகொண்டு, மலை ஏறி, திருவாங்கூர்ச் சமஸ்தானத்துப் பக்கம் பீர்மேட்டில் ஒரு லாரி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தார். பதினைந்து வருஷம் சொந்தப் பட்டறை வைத்திருந்தவர். "பாத்தியா, குட்டு வெளிப்பட்டதும் ஊரவிட்டே போயிட்டான்" என்று கம்பத்தில் பேசிக்கொண்டார்கள். அப்படிப் பேசின ஒவ்வொருவரிடமும் நான் சண்டை போட்டேன். சண்டை போடப் போட என் பெருந்தன்மைதான் ஊரில் வளர்ந்தது.

இந்தப் பத்திரிகை கம்பத்துக்கும் போகிறது, பீர்மேட்டுக்கும் போகிறது. அன்று சந்தையில் நின்றவர்களில் சிலராவது கண்ணாடி போட்டுக்கொண்டு இதைப் படிப்பீர்கள். ஏலம் ஒன்றும் இல்லை, நின்று கேளுங்கள். ஞானமுத்து எனக்கு விற்ற வண்டியில் ஒரு குறையும் இல்லை. மேக்னெட் அந்த வண்டியின் மேக்னெட்தான். அவர் எதையும் உருவவில்லை. நானும் அவரும் எந்தச் சமாதானமும் பேசிக்கொள்ளவில்லை. நான் பொய் சொன்னேன், நீங்கள் அதை நம்பினீர்கள், ஒரு மனுஷன் பிழைப்பை விட்டுவிட்டுப் போனார். இதில் பெருந்தன்மை எங்கே இருக்கிறது?